பவுசர் ஏன் பிந்துகிறது, தண்ணீர் ஏன் முடிகிறது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கடை எரிந்தால், அடுத்த நாள் தேநீர்க் கடையிலும் முகநூலிலும் மூன்று குற்றச்சாட்டுகள் தவறாமல் வரும். தீயணைப்பு வாகனம் பிந்தி வந்தது. வந்த வாகனத்தில் தண்ணீர் முடிந்துபோனது. வந்தவர்கள் உடனே உள்ளே பாயாமல் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றும் கண்ணால் கண்டதாகவே இருக்கலாம். ஆனால் சோம்பல், பயம், அக்கறையின்மை என்று அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பிழை. உண்மைக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சில தீயின் இயல்பில், சில நமது உள்ளூராட்சி அமைப்பில், சில அந்த ஆட்களின் எண்ணிக்கையிலும் சம்பளத்திலும். அதை அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், தீ என்றால் என்ன

தீ ஒரு பொருள் அல்ல, நடந்துகொண்டிருக்கும் ஒரு வேதிவினை. அது நடக்க நான்கு வேண்டும்: எரியும் பொருள், வெப்பம், காற்றிலுள்ள ஒட்சிசன், இவை மூன்றும் சேர்ந்ததும் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் தொடர்வினை. நான்கில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ நின்றுவிடும். தீயணைப்பு வேலை முழுவதும் இந்த ஒரே விதியில்தான் நிற்கிறது.

1. வெப்பத்தை எடுப்பது. தண்ணீர் செய்வது இதைத்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். போகும்போது வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும்.
2. காற்றை மறிப்பது. எண்ணெய்ச் சட்டியை மூடியால் மூடுவதும், பெற்றோல் தீயின் மேல் நுரை விரிப்பதும் இதுதான்.
3. எரிபொருளை விலக்குவது. பக்கத்துக் கிடுகு வேலியைப் பிடுங்கி எறிவது, கேஸ் வால்வை மூடுவது.
4. தொடர்வினையை அறுப்பது. உலர்தூள் அணைப்பான் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

எந்தத் தீக்கு எது என்று தெரியாமல் கை வைத்தால் விளைவு தலைகீழாகும். பொரிக்கிற எண்ணெய் பற்றிக்கொண்டால் அது 300 பாகைக்கும் மேலான சூட்டில் இருக்கும். அதன்மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் எண்ணெயைவிடப் பாரம் என்பதால் அடிக்குப் போகும், போன கணமே ஆவியாகும், மேலே கிடக்கும் எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். செய்ய வேண்டியது அடுப்பை நிறுத்தி, மூடியைப் பக்கவாட்டில் இருந்து தள்ளி மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் இருப்பது. ஆற முன் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பிடிக்கும்.

கேஸ் இன்னொரு விதம். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் மேலே போகாது. தரையோடு படிந்து கதவின் அடியால் அடுத்த அறைக்கும், கழிவு நீர்க் கானுக்கும் போகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே பற்றக்கூடிய நிலை வந்துவிடும். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் வீடுகளில் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தபோது, சிலிண்டரில் புரொப்பேன், பியூற்றேன் கலவை விகிதம் மாறியதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. புரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும், பழைய ரெகுலேட்டரும் வெடிப்பு விழுந்த குழாயும் அதைத் தாங்காது.

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. சிலிண்டர் வாயில் தீ எரிந்துகொண்டிருக்க, தீயணைப்பு ஆட்கள் அந்தச் சுவாலையை அணைக்காமல் சிலிண்டரின் உடம்பில் மட்டும் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவருக்கு விசர் பிடிக்கும். ஆனால் வால்வை மூட வழியில்லாமல் சுவாலையை மட்டும் அணைத்தால், கேஸ் எரியாமல் வெளியே வந்து அறையை நிரப்பும். பிறகு ஒரு சிறு பொறி போதும். எரிகிற கேஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், எரியாத கேஸ் தெரியாது. அதனால் எரிய விட்டு, சிலிண்டர் சூடாகி வெடிக்காமல் குளிர வைத்து, வால்வுக்குப் போக வழி தேடுவார்கள்.

ஏன் பிந்துகிறது

இலங்கையில் பொலிஸ் போல நாடு முழுவதற்கும் ஒரே தீயணைப்புத் திணைக்களம் கிடையாது. தீயணைப்பு உள்ளூராட்சி மன்றங்களின் வேலை. நாட்டில் 29 மாநகர சபைகள், 36 நகர சபைகள், 276 பிரதேச சபைகள், ஆக மொத்தம் 341 உள்ளூராட்சி மன்றங்கள். தீயணைப்புப் பிரிவு இருப்பது பெரும்பாலும் மாநகர சபைகளிலும் சில நகர சபைகளிலும்தான். பெரும்பாலான பிரதேச சபைகளிடம் தண்ணீர் விநியோகிக்கும் பவுசர் இருக்கும், தீயணைப்புப் பிரிவு இருக்காது. இரண்டையும் நாம் ஒரே பெயரில் 'பவுசர்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் குடிநீர் பவுசரில் அழுத்தம் தரும் பம்பும் இல்லை, பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லை. அதைத் தீக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் நிற்கிறதோடு சரி. தீயணைப்பு வாகனத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க மட்டும் அது மிகவும் உதவும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி மன்றங்கள். அவற்றில் ஒன்றுதான் மாநகர சபை. ஏறாவூரும் காத்தான்குடியும் நகர சபைகள், மற்ற ஒன்பதும் பிரதேச சபைகள். அம்பாறை மாவட்டத்தில் கல்முனையும் அக்கரைப்பற்றும் மாநகர சபைகள், அம்பாறை நகர சபை. வரைபடத்தில் கோடு இருக்கிறது, தீ அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. அதனால் மாநகர சபையின் வாகனம் எல்லை தாண்டிப் பக்கத்துச் சபைகளுக்கும் ஓடுகிறது. தன் எல்லைக்குள் வரி வாங்கி நடத்துகிற சேவையை வெளியே கொண்டுபோகும்போது, அந்த நேரத்தில் சொந்த நகரம் வெறுமையாகக் கிடக்கும். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும் வாகனம் புறப்படுகிறது.

அடுத்தது தூரம். மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனைக்கு 30 கிலோமீற்றர் அளவு. சராசரி 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிவப்பு விளக்கும் மாடும் குறுக்கிடாமல் போனாலும் அரை மணித்தியாலம். வாகரை 60 கிலோமீற்றருக்கு மேல். இனி, மெத்தையும் சோபாவும் பிளாஸ்டிக்கும் உள்ள ஒரு அறை சில நிமிடங்களில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சுவாலையில் இருந்து எழும் சூடான வாயு கூரையோடு படர்ந்து, அங்கிருந்து வெப்பத்தைக் கீழே பாய்ச்சும். ஏறக்குறைய 500, 600 பாகை வரும்போது அறையிலுள்ள எல்லாப் பொருளும் ஒரேயடியாகப் பற்றும். பிளாஷ் ஓவர் என்று சொல்வது இதைத்தான். அதன் பிறகு அந்த அறைக்குள் உயிரோடு ஒருவரும் இருக்க முடியாது. ஆக, அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் வாகனம் எரிகிற வீட்டைக் காப்பாற்ற வருவதில்லை, பக்கத்து வீட்டைக் காப்பாற்றத்தான் வருகிறது. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

நமது பக்கத்தில் வாவியும் ஒரு தடை. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போக வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலம் இருக்கும் இடத்தால்தான் சுற்றிப் போக வேண்டும். மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன் அங்கே 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில்தான் வாகனம் அக்கரை போனது. அம்பிளாந்துறையில் ஒரு வைக்கோல் போர் எரிந்தால் குருக்கள்மடத்துக் கரையில் நின்று புகையைப் பார்க்கலாம், ஒரு தீயணைப்பு வாகனம் அங்கே போய்ச் சேர்வது வேறு கதை. ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில், காய்ந்த வைக்கோலும் கிடுகும் கிடக்கும் இடத்தில் ஒரு பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நகருக்குள் தூரம் இல்லை, ஒழுங்கை இருக்கிறது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீட்டோடு வீடு ஒட்டிய குறுக்கு வீதிகள். தீயணைப்பு வாகனத்தின் அகலம் இரண்டரை மீற்றர் அளவு. ஒரு பக்கம் முச்சக்கர வண்டியும் மறுபக்கம் மணல் குவியலும் இருந்தால், வாகனம் ஒழுங்கைக்குள் வராது. சந்தியில் நிறுத்திவிட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். 45 மில்லிமீற்றர் ஹோஸ் 20 மீற்றர் நீளம் தண்ணீரால் நிரம்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் 32 கிலோ. ஐந்து துண்டு இணைத்தால் 160 கிலோ. அதை வளைத்து, படலைக்குள் நுழைத்து, மாமரத்தைச் சுற்றி இழுப்பவர்கள் இரண்டு மூன்று பேர்.

தண்ணீர் ஏன் முடிகிறது

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு வாகனம் 4,000 லீற்றர் கொண்டுவருகிறது என்று வையுங்கள். ஒரு ஹோஸின் முனையில் நிமிடத்துக்கு 400 லீற்றர் போகிறது. இரண்டு ஹோஸ் பிடித்தால் நிமிடத்துக்கு 800. ஐந்தாவது நிமிடத்தில் தாங்கி வெறுமை. ஆட்கள் தண்ணீர் இல்லாமல் வந்தார்கள் என்று ஊர் சொல்லும், ஆனால் அந்த வாகனம் நிறையத்தான் வந்தது. அதில் வருவது முதல் அடிக்கான தண்ணீர். அந்த ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாவது ஊற்று ஒன்றைப் பிடிக்க வேண்டும்: வீதிக் குழாய், இன்னொரு பவுசர், கிணறு, குளம், வாவி.

'வாவிதான் பக்கத்திலே கிடக்கிறதே, அதில் எடுக்கலாமே' என்று கேட்பது நியாயம். எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் நாலு நிபந்தனைகள் இருக்கின்றன. பம்பு தண்ணீரை மேலே உறிஞ்சுவதற்கு ஒரு எல்லை உண்டு. கோட்பாட்டில் 10 மீற்றர், நடைமுறையில் ஏழு மீற்றர் உயரத்துக்கு மேல் எந்தப் பம்பும் இழுக்காது. பாரமான வாகனம் கரைக்கு மிக அருகில் புதையாமல் நிற்கும் கெட்டியான தரை வேண்டும். சேறும் நீர்ப்பாசியும் ஏறாமல் வடிகட்டி போட்டு, உறிஞ்சு குழாயைத் தண்ணீருக்குள் சரியான ஆழத்தில் பிடிக்க வேண்டும். கடைசியாக, உவர் நீர் பம்பை அரிக்கும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு முழுக்கக் கழுவாவிட்டால் அடுத்த முறை பம்பு கைவிடும். கல்லடிப் பாலத்தடியில் இவை எல்லாம் சேர்ந்து கிடைக்கலாம், கண்டல் நிற்கும் கரையில் கிடைக்காது. எங்கெங்கே நின்று தண்ணீர் எடுக்கலாம் என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்து, அந்த இடங்களைத் துப்புரவாக வைத்திருப்பது ஒரு சபை பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை. இதைச் செய்யாமல் இன்னொரு வாகனம் வாங்குவதில் பாதிப் பயன்தான்.

ஏன் வெளியே நிற்கிறார்கள்

வந்து இறங்கியதும் பொறுப்பானவர் செய்யும் முதல் வேலை ஹோஸைத் தொடுவது அல்ல, கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பது. உள்ளே ஆள் இருக்கிறார்களா, மின்சாரம் வெட்டியாயிற்றா, புகை எந்த நிறம், எந்தப் பக்கம் காற்று, பின்னால் என்ன இருக்கிறது, கூரை என்ன. அந்த ஒரு நிமிடம் பார்ப்பவருக்கு ஒரு மணித்தியாலம் போல இருக்கும்.

மூடிய அறையில் எரியும் தீ ஒட்சிசனைத் தின்று முடித்துவிட்டு, அணையாமல் புகைந்துகொண்டே கிடக்கும். ஜன்னல் கண்ணாடி கறுத்து, கதவிடுக்கால் புகை உள்ளே இழுபட்டு மறுபடி வெளியே தள்ளப்பட்டு, மூச்சு விடுவது போல இருக்கும். அந்த நேரம் யாராவது வீரமாகக் கதவை உதைத்துத் திறந்தால், காற்று உள்ளே பாய்ந்து எல்லாம் ஒன்றாக வெடித்து வாசலால் வெளியே வரும். பயிற்சி பெற்றவர் கையுறையைக் கழற்றிப் புறங்கையால் கதவைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்ப்பார். எந்த உயரத்தில் சூடு தொடங்குகிறது என்பது உள்ளே வெப்பம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லும். பிறகு பக்கவாட்டில் குந்தியிருந்து, ஹோஸ் தயாராக, கதவைக் கொஞ்சமாகத் திறப்பார். வெளியே நின்று 'உடைங்கடா கதவ' என்று கத்துவோருக்கு இது தெரியாது.

உள்ளே போவதற்கு மூச்சுக் கருவி வேண்டும். புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது, அதற்கு மணம் இல்லை, ஆளை மயக்கித்தான் கொல்லும். ஈரத் துணியை மூக்கில் கட்டினால் அது நிற்காது. முதுகில் கட்டும் சிலிண்டர் ஒன்று 6.8 லீற்றர் கொள்ளளவும் 300 பார் அழுத்தமும் உள்ளதாக இருந்தால், அதில் ஏறத்தாழ 2,000 லீற்றர் காற்று. சும்மா நடந்தால் நிமிடத்துக்கு 40 லீற்றர், அது 50 நிமிடம் வரும். ஆனால் ஆளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவர் அதன் இரண்டு மடங்கு இழுப்பார். அப்போது 25 நிமிடம். கடைசிப் பங்கு வெளியே வருவதற்கென்று ஒதுக்கியது, அந்த அளவு வந்ததும் கருவி விசில் அடிக்கத் தொடங்கும். விசில் அடித்தால் எந்த வேலையையும் அப்படியே விட்டுத் திரும்ப வேண்டும். உள்ளே போவது எப்போதும் இரண்டு பேர் சோடியாக. அவர்களுக்கு ஏதும் ஆனால் இழுத்து வர வெளியே இன்னும் இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். அந்த இரண்டு பேரைத்தான் 'சும்மா நிற்கிறார்கள்' என்று படம் பிடித்துப் போடுகிறோம்.

கூரைக்கு வருவோம். நமது பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் அஸ்பெஸ்டஸ் சீற்றுகள் நிறைய. சூடேறினால் அவை பட் பட்டென்று வெடித்துத் துண்டுகளாகச் சிதறும், கீழே நிற்பவரின் கழுத்தில் விழும். சிதறும்போது நார் காற்றில் கலக்கும். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. உறுதியாகச் சொன்ன இரண்டில் ஒன்று சிறுநீர்ப்பைப் புற்று, மற்றது நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா. அஸ்பெஸ்டஸ் நாரால் வருவதாகப் பல காலமாகத் தெரிந்த நோய் அது. தீ அணைந்து புகை மட்டும் வரும் நேரத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாம்பல் கிளறுவதுதான் மிக ஆபத்தான பழக்கம். அணிந்த உடுப்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் பிள்ளைகளின் துணியோடு துவைப்பதும் அப்படித்தான்.

துணிக்கடைத் தீ தனி ரகம். மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் கட்டாக அடுக்கிய கடை ஒன்று பிடித்தால், வெளிச் சுவாலை சீக்கிரம் அணையும். ஆனால் கட்டின் நடுவே தீ மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டாக வெளியே இழுத்து, பிரித்து, நனைக்க வேண்டும். இதைச் செய்யாமல் போனால் விடியற்காலையில் மறுபடி எரியும். நெல் ஆலையின் உமிக் குவியலும் நகரக் குப்பை மேடும் இதே ரகம்தான்.

தீ இல்லாத வேலை

தீயணைப்புப் பிரிவுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் தீ அல்ல. மரம் விழுந்து வீதி மறிபட்டது, வெள்ளத்தில் குடும்பம் வீட்டுக் கூரையில், குளவிக்கூடு, கிணற்றுக்குள் ஆள். 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் கண்ட மண் இது, இங்கே மீட்பு என்பது பக்க வேலை அல்ல.

கிணறு மிகவும் ஏமாற்றும் இடம். கிணறு துப்புரவாக்க எண்ணெயில் ஓடும் தண்ணீர் பம்பை உள்ளே இறக்கி ஓட்டுவார்கள், புகை வெளியேறாமல் உள்ளேயே தங்கும். இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் மயங்குவார், பிறகு மைத்துனர். மூன்றாவது ஆள் விழுந்த பிறகுதான் கூட்டத்துக்கு விளங்கும். தீயணைப்பு ஆள் அங்கேயும் உடனே குதிக்க மாட்டார். மூச்சுக் கருவி, இடுப்புப் பட்டி, மேலே கயிறு பிடிக்க ஆட்கள், இவை முடிந்துதான் இறங்குவார்.

கடலில் எரியும் கப்பல் சபையின் வேலை அல்ல. 2020 செப்டம்பர் 3ஆம் திகதி அம்பாறைக் கரைக்கு அப்பால், சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே, 270,000 தொன் மசகு எண்ணெயோடு நியூ டயமண்ட் கப்பல் எரிந்தபோது கடற்படை, விமானப்படை, இந்தியக் கரையோரக் காவல்படை எல்லாம் சேர்ந்து போராடின. அணைந்தது மறுபடி பற்றி, முழுக்க அணைய ஒரு வாரம் அளவு எடுத்தது. கரையில் இருந்த சபைகளின் வாகனங்களை அதோடு ஒப்பிட்டுப் பேசுவது பொருந்தாது.

ஆட்கள் எத்தனை, சம்பளம் எவ்வளவு

ஒரு வாகனம் ஒழுங்காக வேலை செய்ய ஐந்து பேர் வேண்டும் என்று வைப்போம்: சாரதி பம்பை இயக்குவார், ஒருவர் பொறுப்பு, இரண்டு பேர் உள்ளே, ஒருவர் தண்ணீரும் மூச்சுக் கருவிக் கணக்கும் பார்ப்பார். வெளியே தயாராக நிற்கும் சோடியை இதில் சேர்க்கவே இல்லை. ஒரு கிழமையில் 168 மணித்தியாலம். ஒருவர் 48 மணித்தியாலம் வேலை செய்தால், ஒரு இடத்தை நிரப்ப மூன்றரைப் பேர் தேவை. ஐந்து இடத்துக்குப் பதினெட்டுப் பேர். விடுமுறை, சுகவீனம், பயிற்சி சேர்த்தால் இருபதுக்கு மேல். ஒரே ஒரு வாகனத்துக்கு இவ்வளவு. ஆளணி இதைவிடக் குறைவாக இருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: இரவில் மூன்று பேரோடு வாகனம் புறப்படும், அல்லது அதே ஆட்கள் ஓய்வில்லாமல் தொடர்ந்து நிற்பார்கள்.

சம்பளம் எப்படி அமைகிறது?

1. நிரந்தர நியமனம் உள்ளவருக்கு அரச சம்பளச் சுற்றறிக்கைப்படி அடிப்படைச் சம்பளம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயில் இருந்து 40,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ஆனால் ஒரே நாளில் அல்ல: 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று கட்டமாக. முன்பு தனியே கொடுத்த சில கொடுப்பனவுகள் அடிப்படைக்குள் சேர்க்கப்பட்டதால், 15,750 கூடியது போலத் தெரிந்தாலும் நிகரமாகக் கூடுவது ஆகக் குறைந்தது 8,250.
2. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800.
3. மேலதிக நேரம், விடுமுறை நாள் வேலை. பலருடைய குடும்பச் செலவு நடப்பது இதில்தான். சபையிடம் பணம் இறுகும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

அடித்தட்டில் உள்ள ஒருவருக்கு மூன்று கட்டமும் முடிந்த பிறகு அடிப்படையும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து 57,800 ரூபாய். சேவைக் காலத்தோடும் தரத்தோடும் இது கூடும். கழிவுகளும் கடன் தவணையும் இதில் போகும்.

சுற்றறிக்கையில் உள்ள தொகையைவிட முக்கியமானது, அந்த ஆள் எந்த அடிப்படையில் வேலை செய்கிறார் என்பது. அங்கீகரிக்கப்பட்ட நிரந்தர ஆளணியின் சம்பளத்துக்கு அரசிடமிருந்து சபைக்கு மீளளிப்பு வரும். தற்காலிகமாக, அமைய அல்லது ஒப்பந்த அடிப்படையில் எடுப்பவருக்குச் சபை தன் சொந்த வருமானத்தில் இருந்து கொடுக்க வேண்டும். புதிய ஆளணியை அங்கீகரிக்க மேலிடத்து அனுமதி வேண்டும், அது வருடக்கணக்கில் இழுபடும். அதனால் உள்ளூராட்சி மன்றங்களில் நாளாந்த அடிப்படையில் ஆட்களை எடுத்து வேலை வாங்குவது பழகிப்போன வழி. அப்படி வருகிறவர் சில வருடம் நின்று, ஹோஸும் பம்பும் மூச்சுக் கருவியும் கைக்கு வந்த பிறகு, நிரந்தரம் கிடைக்காமல் வெளிநாட்டுக்குப் போய்விடுவார். வளைகுடா நாடுகளில் விமான நிலையங்களிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் அதே வேலைக்கு ஆள் தேவை. சபை மறுபடி ஒரு புதியவரைப் பிடித்து முதலிலிருந்து தொடங்கும்.

இதுதான் இந்த விடயத்தின் மையம் என்று நினைக்கிறேன். வாகனம் வாங்கினால் நாடா வெட்டிப் படம் எடுக்கலாம். அதனால் வாகனம் கிடைக்கிறது. கதவைத் தடவிப் பார்க்கத் தெரிந்த கையை ஊரிலேயே தங்க வைப்பதற்கு மாதாமாதம் செலவு வேண்டும், அதற்கு நாடா இல்லை.

எப்படிப்பட்ட ஆள் வேண்டும்

உடல் பலம் வேண்டும்தான். உடுப்பும் தலைக்கவசமும் மூச்சுக் கருவியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல். அதோடு இந்தச் சித்திரை வெயிலில் ஏணி ஏற வேண்டும். வாவிக்கரையில் வேலை செய்பவருக்கு நீச்சல் கட்டாயம். ஆனால் பலசாலிகளை நமது ஊரில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம், கீழே சொல்லும் குணங்கள்தான் அரிது.

ஒன்று, கூட்டம் கத்தும்போது அவசரப்படாமல் இருப்பது. தாய் ஒருவர் 'பிள்ளை உள்ளே' என்று கதறும்போதும், எந்த அறை, எந்தப் பக்கம், கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்கும் மனம் வேண்டும். இரண்டு, சோடியை விட்டுப் பிரியாமல் இருப்பது. புகைக்குள் ஒருவர் மற்றவரின் தோளையோ ஹோஸையோ விட்டுவிட்டால் திரும்பி வரும் வழி போய்விடும். மூன்று, சலிப்பைத் தாங்குவது. பத்து நாள் அழைப்பே வராது. அந்தப் பத்து நாளும் தினமும் பம்பை ஓட்டிப் பார்த்து, சிலிண்டர் அழுத்தம் பார்த்து, ஹோஸை விரித்து உலர்த்தி மடிக்க வேண்டும். பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்கு, பற்றரி இறங்கிய வாகனம் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிழை அந்தப் பத்து நாளில் நடந்தது.

பாஷையும் ஒரு தகுதி. அம்பாறை மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் தெரியாமல் ஒரு மீட்பு வேலையில் கட்டளை கொடுக்க முடியாது. 'அந்தப் பக்கம் கேஸ் இருக்கு' என்று ஒருவர் கத்துவது மற்றவருக்கு அந்தக் கணமே விளங்க வேண்டும்.

வாகனம் வருமுன் நாம் செய்யக்கூடியது

தீ, மீட்பு அவசர எண் 110. பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. இவற்றோடு உங்கள் பகுதிக்கு வரும் சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணையும் இன்றைக்கே கேட்டு எழுதி, மெயின் சுவிச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். எடுப்பவரிடம் இடத்தையும் அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை எது என்பதையும் முதலில் சொல்லுங்கள். என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, கேஸ் சிலிண்டர் எங்கே, இதெல்லாம் அடுத்தது. அவர் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.

வெளியே வரும்போது கதவுகளைச் சாத்திக்கொண்டு வாருங்கள், பூட்ட வேண்டாம். சாத்திய ஒரு சாதாரண மரக் கதவு பல நிமிடம் தீயைத் தாமதப்படுத்தும். மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். நகைக்கும் காணி உறுதிக்கும் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

ஒழுங்கையில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை அப்புறப்படுத்துங்கள். பிரதான வீதிச் சந்தியில் ஒருவர் டோர்ச்சோடு நின்று வாகனத்தை உள்ளே கூட்டிவர வேண்டும். இன்னொருவர் கேட்டைத் திறந்து வைத்து, பொறுப்பானவர் இறங்கியதும் இரண்டு விடயம் மட்டும் சொல்ல வேண்டும்: உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா, கிணறு எந்தப் பக்கம்.